வாப்பாவின் கடன் கொப்பியும் என் முதல் எஸ்.கியூ.எல். புத்தகமும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகத் தெரிவு செய்தவள் நான். தரவுத்தளம் என்ற அலகைத் தொடங்கிய நாளில் எங்கள் டீச்சர், “வினவல் மொழியை வகுப்பில் கேட்டால் மட்டும் வராது, வீட்டிலும் ஒரு புத்தகத்தைப் பார்த்துச் செய்து பழகுங்கள்” என்றார். எந்தப் புத்தகம் என்று நாங்கள் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது, எழுந்து போய்விட்டோம்.

அன்றிரவே கொழும்பில் வேலை செய்யும் காக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எஸ்.கியூ.எல். புத்தகம் ஒன்று வேணும் காக்கா.”

“எது?”

“நல்லதா ஒன்று. கொஞ்சம் பெரிசாப் பார்த்து வாங்குங்க.”

நான் சொன்னபடியே காக்கா வாங்கி வந்தார். தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேல். பழைய புத்தகக் கடையில் வாங்கியும் 4,500 ரூபாய். அதில் பாதி என் பெருநாட்காசு, மீதி வாப்பா தந்தது. வாப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை. அந்தப் பாதியைத் தருவதற்கு அவர் எத்தனை கிலோ அரிசி விற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏனென்றால் குற்றம் புத்தகத்தினுடையதல்ல. பெரிய நிறுவனங்களில் ஒரக்கிள் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. முதல் எழுபது பக்கங்கள் மென்பொருளை நிறுவும் முறை. பிறகு சேமிப்பு, பயனர் அனுமதி, காப்புப் பிரதி. முதலாவது வினவல் நூறாம் பக்கத்தையும் தாண்டித்தான் வந்தது. அங்கே நான் போய்ச் சேரவேயில்லை. இரண்டு வாரத்தில் அது எங்கள் வீட்டில் உம்மாவின் தையல் இயந்திரத்துக்கு அருகே துணி பறக்காமல் வைக்கும் பாரமாகிவிட்டது.

என்னைப் போல வேறு யாரும் காசையும் காலத்தையும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. இந்தப் பாடத்தைப் படிக்கும் தோழியருக்கும், கேட்ட புத்தகத்தை எப்படியாவது வாங்கித் தந்துவிடும் பெற்றோருக்கும் இது பயன்படுமென்று நம்புகிறேன்.

வினவல் மொழி என்பது என்ன?

முதலில் இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்ற ஆங்கிலேயர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தரவுகளை அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்கிடையிலான தொடர்புகளைப் பொதுவான பெறுமானங்கள் மூலம் காட்டலாம் என்பதே அதன் சாரம். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை உருவாக்கி 1974இல் அறிமுகப்படுத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சீக்குவெல். அந்தப் பெயர் ஏற்கனவே வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தபடியால் எஸ்.கியூ.எல். என்று சுருக்கப்பட்டது. 1986இல் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டு சர்வதேச அளவிலும் அது நியமமாக ஏற்கப்பட்டது.

இந்த மொழியின் சிறப்பு, எப்படித் தேடுவது என்று நாம் சொல்லத் தேவையில்லை. எது வேண்டும் என்று சொன்னால் போதும். உதாரணமாக, வாப்பாவின் கடையில் 5000 ரூபாய்க்கு மேல் கடன் உள்ளவர்கள் யார் என்று அறிய இப்படி எழுதுவோம்:

செலெக்ட் பெயர், தொகை ஃபுரொம் கடன் வெயார் தொகை > 5000;

செலெக்ட் என்றால் எடு. ஃபுரொம் என்றால் எந்த அட்டவணையிலிருந்து. வெயார் என்றால் எந்த நிபந்தனைக்கு உட்பட்டவற்றை. இவ்வளவுதான். மொழி இலகுவானதுதான். ஆனால் அந்த இலகுவே ஒரு பொறியாகவும் இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

நான் செய்த பிழை

பெரிய புத்தகத்தை மூடி வைத்த பிறகு, தோழியரின் குறிப்புக் கொப்பிகளில் இருந்த கட்டளைகளை ஆங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்துப் பழகினேன். இரண்டு மாதத்தில் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாப்பாவின் கடன் கொப்பியைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். வாப்பாவுக்கும் சந்தோசம்.

பெயர், திகதி, தொகை என்று மூன்று நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை அமைத்தேன். வாப்பா சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கடற்கரை’, ‘ஒழுங்கை’, ‘மாஸ்டர் வீடு’ என்றெல்லாம் சிறிதாக எழுதியிருந்தார். அவை தேவையற்ற கிறுக்கல்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன். பிறகு குரூப் பை என்ற கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் மொத்தக் கடனைக் கூட்டி, அழகாக அச்சடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வாப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். கடையைச் சாச்சா பார்த்துக்கொண்டார். அவர் என் பட்டியலை வைத்துக் கடன் கேட்கத் தொடங்கினார். கடற்கரைப் பக்கமிருந்து வரும் ஒரு மாமியிடம் 7,450 ரூபாய் பாக்கி என்றார். அந்த மாமியின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மாமி ஒன்றும் பேசவில்லையாம். கையிலிருந்த 3,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தவணை கேட்டுப் போயிருக்கிறார்.

வாப்பா எழுந்து வந்து பட்டியலைப் பார்த்ததும், “இது யாருடைய கணக்கு?” என்று கேட்டார். ஒரே பெயரில் இரண்டு மாமிகள் இருக்கிறார்கள். கடற்கரை மாமியின் கடன் 1,850. ஒழுங்கை மாமியின் கடன் 5,600. என் கட்டளை இருவரையும் ஒருவராக்கிவிட்டது. கணினி பிழை செய்யவில்லை. பெயரின்படி கூட்டு என்று நான் சொன்னேன், அது கூட்டியது.

அன்று இஷாவுக்குப் பிறகு வாப்பா அந்த வீட்டுக்குப் போய், கூடுதலாக வாங்கிய 1,150 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். என்னை ஏசவில்லை. “எழுதுறவங்க கவனமா எழுதணும் மகள்” என்று மட்டும் சொன்னார். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதுவென்று அஹதிய்யா வகுப்பில் படித்திருக்கிறோம். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதையும் அது வலியுறுத்துகிறது. அன்றிரவு எழுதுபவள் நானாக இருந்தேன் என்ற எண்ணத்தில் எனக்கு நித்திரை வரவில்லை.

நான் கிறுக்கல் என்று நினைத்த பென்சில் எழுத்துகள்தாம் உண்மையில் அந்தக் கொப்பியின் சாவி. ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்துக்குத் தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி என்று பெயர். உயர்தரம் படிக்காத வாப்பா அதைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். உயர்தரம் படிக்கும் நான் அதை அழித்துவிட்டேன்.

ஒழுங்காக அமைந்த ஓர் ஆரம்ப நூல் என் கையில் இருந்திருந்தால், கூட்டும் கட்டளையைத் தொடுவதற்கு முன்பே முதன்மைச் சாவியை எனக்குச் சொல்லித் தந்திருக்கும். துண்டு துண்டாகப் படித்ததில் கட்டளை கிடைத்தது, அதற்கு முந்திய அத்திவாரம் கிடைக்கவில்லை.

புத்தகத்தைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை

நடந்ததை டீச்சரிடம் சொன்னேன். அவர் நூலகத்திலிருந்தும் தன் வீட்டிலிருந்தும் சில புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டித் தந்தார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நானாகக் கண்டுகொண்டவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலாவது, அந்த நூல் எந்த மென்பொருளை வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். எஸ்.கியூ.எல். ஒரே மொழிதான். ஆனால் நம் ஊர்த் தமிழுக்கும் மலைநாட்டுத் தமிழுக்கும் இடையே வித்தியாசம் இருப்பதுபோல, ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பேச்சு வழக்கு உண்டு. முதல் ஐந்து பதிவுகளை மட்டும் எடுக்க வேண்டுமானால் மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட், போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் ஆகியவற்றில் வினவலின் கடைசியில் லிமிட் 5 என்று எழுதுவோம். மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் செலெக்டுக்குப் பக்கத்திலேயே டொப் 5 என்று எழுத வேண்டும். ஒன்றுக்கான நூலை வைத்துக்கொண்டு மற்றொன்றில் செய்து பார்த்தால், புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் பிழைச் செய்தி வரும். ஆரம்பத்தில் இருப்பவர் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துவிடுவார். எனவே பாடசாலை ஆய்வுகூடத்தில் எது இருக்கிறதோ அதற்கான நூலே முதலில் நல்லது.

இரண்டாவது, முதல் வினவல் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். முப்பது, நாற்பது பக்கங்களுக்குள் ஒரு செலெக்ட் வந்துவிட வேண்டும். அதே நேரத்தில் அட்டவணை, முதன்மைச் சாவி ஆகியவற்றின் விளக்கமும் முன்பகுதியிலேயே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நூலைத் திருப்பி வைத்துவிடலாம்.

மூன்றாவது, பயிற்சித் தரவு இருக்கிறதா, பயிற்சி வினாக்களுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். தனியே படிக்கிறவளுக்கு விடை மிக முக்கியம். எஸ்.கியூ.எல். பிழையான கேள்விக்கும் ஒரு பட்டியலைத் தந்துவிடும். என் கடன் பட்டியல் எவ்வளவு அழகாக அச்சாகி வந்தது! பிழைச் செய்தி வரவில்லை என்பதால் விடை சரி என்று ஆகிவிடாது. சரிபார்க்க ஒரு விடைப் பகுதி வேண்டும்.

நான்காவது, நல் என்ற சொல்லை நூலின் பின்னாலுள்ள சுட்டியில் தேடி, அந்தப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். நல் என்பது பூச்சியம் அல்ல, வெற்றிடமும் அல்ல. பெறுமானம் இல்லை அல்லது தெரியாது என்பதற்கான குறி. ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் தெரியாவிட்டால் அங்கே நல் இருக்கும். தொலைபேசி இலக்கம் தெரியாதவர்களைத் தேட, தொலைபேசி = நல் என்று எழுதினால் ஒருவர்கூட வரமாட்டார். தொலைபேசி இஸ் நல் என்றே எழுத வேண்டும். தெரியாத ஒன்று எதற்கும் சமம் என்று சொல்ல முடியாதல்லவா? இதைப் பொறுமையாக, உதாரணத்தோடு விளக்கும் ஆசிரியர் மற்றவற்றையும் அப்படித்தான் விளக்கியிருப்பார். ஒரே வரியில் கடந்து போயிருந்தால் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது, மாற்றும், அழிக்கும் கட்டளைகளைச் சொல்லும் இடத்தில் எச்சரிக்கை இருக்கிறதா? அப்டேட், டிலீட் ஆகியவற்றை வெயார் இல்லாமல் எழுதினால் அட்டவணையில் உள்ள எல்லாப் பதிவுகளும் மாறும் அல்லது அழியும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பயிற்சி அட்டவணையில் தன் புள்ளியை 75 ஆக்கப் போய், வகுப்பு முழுவதற்கும் 75 போட்டுவிட்டாள். அன்று எல்லோரும் சிரித்தோம். உண்மையான தரவாக இருந்தால் சிரிக்க முடியாது. முதலில் அதே நிபந்தனையோடு ஒரு செலெக்ட் எழுதி, எந்தப் பதிவுகள் அகப்படுகின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு மாற்றும்படி நல்ல நூல்கள் சொல்லித் தரும்.

ஆறாவது, வினவல் எந்த ஒழுங்கில் கணிக்கப்படுகிறது என்று நூல் விளக்குகிறதா? எழுதும்போது செலெக்ட் முதலில் வருகிறது. ஆனால் பொருள்கொள்ளும் ஒழுங்கில் ஃபுரொம் முதலாவது, பிறகு வெயார், பிறகு குரூப் பை, ஹேவிங், அதன் பின்னரே செலெக்ட், கடைசியில் ஓர்டர் பை. இது தமிழ் பேசும் நமக்கு இலகுவாக விளங்கும். “கடன் அட்டவணையிலிருந்து, 5000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின், பெயரை எடு” என்றுதானே நாம் சொல்வோம்? ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் வினைச்சொல் தமிழில் பின்னால் நிற்கிறது. இப்போதெல்லாம் கடினமான வினவல் வந்தால் நான் முதலில் அதைத் தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். செலெக்டில் நாம் வைக்கும் புதுப் பெயரை வெயாரில் பயன்படுத்தினால் மைஎஸ்கியூஎல் ஏன் பிழை சொல்கிறது என்பதும் அப்போது புரிகிறது. வெயார் கணிக்கப்படும் வேளையில் அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை.

சில நூல்கள்

ஆங்கிலத்தில் ஆரம்பநிலை நூல்கள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அலன் பியூலியூ எழுதிய ‘லேர்னிங் எஸ்கியூஎல்’ மைஎஸ்கியூஎல்லை வைத்து எழுதப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே முதன்மைச் சாவி வருகிறது. அத்தியாய இறுதியில் பயிற்சிகளும், நூலின் பின்னால் விடைகளும் உள்ளன. நான் இரவல் வாங்கிப் படித்து முன்னேறியது இதில்தான். அதன் பயிற்சித் தரவு திரைப்பட டி.வி.டி. வாடகைக் கடை ஒன்றைப் பற்றியது. அப்படியொரு கடையை நான் கண்டதில்லை என்றாலும் கடன் கொப்பி தெரிந்தவளுக்கு அது பெரிய சிரமமாக இருக்கவில்லை.

பென் ஃபோர்டாவின் பத்து நிமிட எஸ்.கியூ.எல். நூல் 22 சிறு பாடங்களைக் கொண்டது. ஒரே மென்பொருளைப் பிடித்துக்கொள்ளாமல், எங்கெங்கே வழக்கு மாறுகிறது என்று அவ்வப்போது சொல்லிச் செல்லும். டியூசனுக்கும் பாடசாலைக்கும் இடையே நேரம் குறைந்தவர்களுக்கு ஏற்றது. தோமஸ் நீல்ட் எழுதிய ‘கெட்டிங் ஸ்டார்டட் வித் எஸ்கியூஎல்’ மெல்லிய நூல், எஸ்கியூலைட்டைப் பயன்படுத்துகிறது. எஸ்கியூலைட் இலவசமானது, பழைய மடிக்கணினியிலும் ஓடும், தனியே சேர்வர் நிறுவத் தேவையில்லை. அந்தோனி டிபாரோஸின் ‘பிரக்டிகல் எஸ்கியூஎல்’ போஸ்ட்கிரேஎஸ்கியூஎல்லுக்கானது. பத்திரிகையாளரான அவர், குடித்தொகைக் கணக்கெடுப்பு போன்ற உண்மைத் தரவுகளை வைத்து விளக்குகிறார். இது இரண்டாவது நூலாகப் படிக்க நல்லது. படக்கதை விரும்புவோருக்கு ஜப்பானிலிருந்து வந்த ‘மங்கா கைட் டு டேட்டாபேசஸ்’ இருக்கிறது. பழ வியாபாரம் செய்யும் ஒரு நாட்டின் இளவரசி தரவுத்தளம் கற்கும் கதை அது.

சி. ஜே. டேட் எழுதி 1975இல் முதலில் வெளிவந்த தரவுத்தள அறிமுக நூல் மிகப் புகழ்பெற்றது. பெயரில் அறிமுகம் என்று இருந்தாலும் அது பல்கலைக்கழகத்துக்கான நூல். அட்டையில் உள்ள ‘அறிமுகம்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

ஆங்கில நூல் எதுவானாலும், தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழி வெளியீடுகளையும் பக்கத்தில் வைத்திருங்கள். பரீட்சைக்கு முதன்மைச் சாவி, அந்நியச் சாவி போன்ற கலைச்சொற்கள் தமிழில் தெரிந்திருக்க வேண்டும். கட்டளைச் சொற்கள் மட்டும் எந்த மொழிமூலத்திலும் ஆங்கிலம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

புத்தகத்தின் கனத்தையும் விலையையும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தப் பிழையை எங்கள் வீட்டில் செய்தது நான்தான். ஆனால் பல வீடுகளில் பெற்றோரும் செய்கிறார்கள். வாங்கும் முன் பிள்ளையிடம் நூலைக் கொடுத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வரிக்கு இரண்டு சொற்களுக்கு அகராதி தேவைப்பட்டால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம்.

பழைய பதிப்பு என்று தயங்கவும் தேவையில்லை. செலெக்ட், வெயார், குரூப் பை, ஜொயின் ஆகிய அடிப்படைகள் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய நூலிலும் இன்றுள்ளபடியேதான் இருக்கும். மைஎஸ்கியூஎல் 2018இல் வந்த 8.0 பதிப்பில் பல புதிய வசதிகளைச் சேர்த்தது உண்மை. அவை ஆரம்ப மாணவிக்கு உடனே தேவைப்படுவதில்லை. நூலகத்தில் இருந்தால் வாங்கவே வேண்டாம். மென்பொருளுக்கும் காசு செலவில்லை.

இறுதியாக

வாப்பாவின் கடன் கொப்பியை நான் மறுபடியும் கணினியில் ஏற்றினேன். இம்முறை இரண்டு அட்டவணைகள். ஒன்றில் வாடிக்கையாளர் இலக்கம், பெயர், தொலைபேசி, வாப்பாவின் பென்சில் குறிப்பு. மற்றதில் கடன் இலக்கம், வாடிக்கையாளர் இலக்கம், திகதி, தொகை. இரண்டையும் ஜொயின் மூலம் இணைத்து, பெயரின்படி அல்லாமல் வாடிக்கையாளர் இலக்கத்தின்படி கூட்டுகிறேன். அச்சடித்த பட்டியலைக் கொடுக்கும் முன் கொப்பியோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுகிறேன். வாப்பா இன்னும் கொப்பியில்தான் முதலில் எழுதுகிறார். அதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை.

கடற்கரை மாமி சில கிழமைகள் கடைக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து சீனியும் தேயிலையும் வாங்கினார். நான் கடையில் நின்றேன். என் தலையைத் தடவி, “கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை நீதானா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “நல்லாப் படி மகள்” என்றார். அன்றைய கடனை அவருடைய இலக்கத்தின் கீழ் எழுதினேன். எழுதிய பின் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.